முகமூடி மாயாவியும் நாட்டாமையும்

தோழர்களே, காமிக்ஸ் பத்திப் பேசச் சொன்னீங்க. நான் நிலத்தில்தான் போய் முடிப்பேன்.

லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய முகமூடி மாயாவியை நாம ராணி காமிக்ஸில் படித்தோம். காட்டு மக்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரன். அப்பனுக்குப் பின் பிள்ளையாக 21 தலைமுறை. காட்டு மக்களுக்கு என்ன வேலை? முரசடித்து அவனைக் கூப்பிடுவது. (பறையடிக்கிற வேலை அங்கேயும் நம்ம ஆளுங்களுக்குத்தான்!)

1994 தீபாவளிக்கு 'நாட்டாமை' வந்தது. முகமூடிக்குப் பதில் மீசை. தீர்ப்புச் சொல்லும் உரிமை இங்கேயும் அப்பனிடமிருந்து மகனுக்கு. ஊர் கைகட்டி நிற்கும்.

அதற்குச் சில வாரம் முன்பு, அக்டோபர் 10 அன்று, மாமல்லபுரம் பக்கத்துக் காரணையின் பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட மக்களைப் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் எந்த நாட்டாமையிடமும் போகலை. கேட்டது தர்மமும் இல்லை. இதே செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையால் 1892இல் அரசாணையாக வந்த உரிமை அது.

25 வருசம் கழித்து, 2019இல், 'அசுரன்' பஞ்சமி நிலத்தைப் பேசியது. எனக்குப் பிடித்த படம்தான். ஆனா அதிலும் கடைசியில் ஒத்தை ஆளு சண்டை. கூட்டமாய்ப் போய்க் கேட்ட காரணைச் சனத்தை எந்தக் கட்டவுட்டில் வரைவான்?