கட்டியாச்சு, ஆனா ஓடலையே!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

"வெற்றிக் கதை ஏதாவது சொல்லுங்க" என்றார் சங்கச் செயலாளர். என்னிடம் இருப்பது ஓர் அசட்டுத்தனக் கதைதான்.

2022-இல் நடந்தது. அலுவலகத்தில் ஒரு சென்ட் ஓஎஸ் 7 சர்வர். அதில் பைத்தான் 3.10 வேண்டும் என்றார்கள். அதற்கு ஓபன் எஸ்எஸ்எல் 1.1.1 ஆவது வேண்டும். சர்வரோடு வந்ததோ 1.0.2. சரி, சோர்ஸ் கோடை இறக்கி நாமே கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஓபன் எஸ்எஸ்எல் கட்டினேன். வேறொரு வேலைக்காக லிப்கர்லையும் கட்டி அதே டைரக்டரியில் போட்டேன். பிறகு பைத்தான். மேக் ஓடி முடிந்தது. கடைசியில் ஒரு செய்தி: எஸ்எஸ்எல் மாட்யூல் வெற்றிகரமாகக் கட்டப்பட்டது, ஆனால் இம்போர்ட் செய்ய முடியாததால் நீக்கப்பட்டது! கட்டியாச்சாம், ஆனா இல்லையாம்.

நம்ம காலேஜ் நூலகம் ஞாபகம் இருக்கா? கேட்டலாக்கில் புத்தகம் இருக்கும், அலமாரிக்குப் போனா இருக்காது. இதுவும் அதேதான். லைப்ரரியை இரண்டு பேர் இரண்டு வேளையில் தேடுகிறார்கள். கட்டும்போது லிங்க்கர், ஓடும்போது லோடர். லிங்க்கருக்கு மைனஸ் பெரிய எல் போட்டுக் காட்டிய வழி லோடருக்குத் தெரியாது. 'கேனாட் ஃபைண்ட் மைனஸ் எல்' என்று வந்தால் லிங்க்கரின் புகார். 'கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்' என்று வந்தால் லோடரின் புகார். முதல் நோயின் மருந்தை இரண்டாவதுக்குக் கொடுத்தே எனக்குப் பாதி ராத்திரி போச்சு. எல்டிடி கட்டளை போட்டிருந்தால் எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது, எது கிடைக்கவில்லை என்று அதுவே காட்டியிருக்கும். நான் போடவில்லை. எல்டி லைப்ரரி பாத் மாறியில் என் டைரக்டரியை வைத்து மறுபடி கட்டினேன். ஓடிற்று! சந்தோஷத்தில் அந்த வரியை எல்லோருக்கும் பொதுவான ப்ரொஃபைல் கோப்பில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை, பாதுகாப்புத் திருத்தங்கள் போட ரூட்டாக நுழைந்த ஜூனியர் பையனுக்கு யம் ஓடவில்லை. லோடர் அந்த மாறியைத்தான் சிஸ்டத்தின் சொந்த இடங்களுக்கு முன்னாடி பார்க்கும். யம்முக்கு வேண்டியது என்எஸ்எஸ் வைத்துக் கட்டிய லிப்கர்ல். கிடைத்தது ஓபன் எஸ்எஸ்எல் வைத்துக் கட்டிய என் லிப்கர்ல். பெயர் ஒன்று, சரக்கு வேறு. அவன்தான் எதையோ கெடுத்துவிட்டான் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டினார். பக்கத்து நாற்காலியில் நான். மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. உறைத்த பிறகும் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் உறுத்துவது அந்த ஒரு மணி நேரம்தான்.

அப்புறம் அவனிடமும் மேலாளரிடமும் போய்ச் சொன்னேன். வரியை நீக்கினேன். பைத்தானை மறுபடி கட்டினேன், இந்தத் தடவை 'வித் ஓபன் எஸ்எஸ்எல் ஆர்பாத்' என்ற ஆப்ஷனோடு. 3.10-இல் புதிதாக வந்தது அது. தேட வேண்டிய இடம் மாட்யூலுக்குள்ளேயே பதிந்துவிடும். மற்ற புரோகிராம்களுக்குத் தொந்தரவில்லை. எல்டி கான்ஃபிக் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். பெயர் மோதாத லைப்ரரிக்குப் போதும். என் லிப்கர்லுக்கு அதைப் போட்டிருந்தால் அதே வம்பு வேறு வாசல் வழியாக வந்திருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். எர்ரர் வைத்திருக்கிற தம்பி தங்கைகள் திரையை அழிக்காமல் அப்படியே கொண்டு வாங்க, உட்கார்ந்து பார்க்கலாம்.