18 அடிக் காகிதச் சுருள்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் பேச வந்தால், ஒழுக்கத்தைப் பற்றியோ தேர்வுக்குப் படிக்கும் முறையைப் பற்றியோதான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி. அதுவும் இன்றைய பந்தயம் அன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலி நாட்டு ஊர்ச் சாலைகளில் நடந்த பழைய பந்தயம்.

இந்தப் பித்து எனக்குச் சிறுவயதிலேயே பிடித்தது. 1970-களில் என் தாய்மாமன் என்னைச் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்திற்கு அழைத்துச் சென்றார். போர்க்காலத்து விமானத்தளம் ஒன்று அங்கே பந்தயக் களமாகப் பயன்பட்டு வந்தது. வெயிலும் புழுதியும் எண்ணெய்ப் புகையுமாக நின்று பார்த்த அந்த ஒரு நாள் என்னை விடவே இல்லை. சொந்தமாகக் கார் வாங்காமலே பணி ஓய்வு பெற்றவன் நான். சைக்கிள்தான் என் வாகனம். ஆயினும் பழைய பந்தயக் கார்களைப் பற்றிய நூல்களையும் படங்களையும் தேடித் தேடிப் பார்ப்பதில் நான் கழித்த மாலைப் பொழுதுகளுக்குக் கணக்கில்லை.

அவற்றில் அப்படி என்ன அழகு என்று என் மனைவி கேட்பதுண்டு. முதலாவது, அக்காலத்துக் காரில் மனிதன் தெரிவான். திறந்த கார், அவன் முகம் தெரியும், முழங்கை தெரியும், சக்கரத்தைப் பற்றிய கை பதறுகிறதா, பதறவில்லையா என்பதும் தெரியும். இரண்டாவது, கார்களின் நிறம். இத்தாலியக் கார் சிவப்பு, ஆங்கிலேயர் கார் பச்சை, பிரெஞ்சுக்காரர் கார் நீலம், ஜெர்மானியர் கார் வெள்ளி நிறம். 1968-ஆம் ஆண்டில் விளம்பர வண்ணங்கள் பெரும் பந்தயங்களுக்குள் புகும்வரையில் இந்த வழக்கம் நிலைத்திருந்தது. நுவோலாரி என்ற இத்தாலிய வீரர் மஞ்சள் மேற்சட்டையில் ஆமைச் சின்னம் ஒன்றை அணிந்து ஓட்டுவார். உலகின் மிக விரைவான மனிதனுக்கு மிக மெதுவான பிராணியைப் பரிசளிக்கிறேன் என்று சொல்லி ஒரு கவிஞர் கொடுத்தது அது. அந்த ஆமையை அணிந்தவர் 1935-இல், தம் நாற்பத்திரண்டாம் வயதில், ஜெர்மன் மண்ணிலேயே, ஆற்றல் மிகுந்த ஜெர்மன் கார்களைப் பழைய கார் ஒன்றைக் கொண்டு வென்றார்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். ‘மில்லே மிலியா’ என்றால் இத்தாலிய மொழியில் ஆயிரம் மைல் என்று பொருள். பிரேஷியா நகரில் தொடங்கி, ரோமாபுரி சென்று, மீண்டும் பிரேஷியாவுக்கே திரும்பும் பந்தயம் அது. முதன்முதலில் 1927-இல் நடந்தது. தனிக் களம் கிடையாது. வண்டியும் மாடும் சென்ற சாலைகள், மலைக் கணவாய்கள், ஊர்களின் நடுத்தெருக்கள், இவையே களம். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். புறப்படும் நேரமே காரின் எண். 1955-ஆம் ஆண்டு மே முதல் நாள் காலை 7 மணி 22 நிமிடத்திற்குப் புறப்பட்ட வெள்ளி நிற மெர்ஸிடிஸ் காரின் எண் 722.

அதை ஓட்டியவர் ஸ்டெர்லிங் மாஸ் என்ற ஆங்கில இளைஞர், வயது 25. பக்கத்தில் அமர்ந்தவர் டெனிஸ் ஜென்கின்சன். குள்ளமான உருவம், அடர்ந்த தாடி, மூக்குக்கண்ணாடி. தொழில் மோட்டார்ப் பத்திரிகைக்கு எழுதுவது. ஆனால் ஏட்டறிவு மட்டும் உடையவர் என்று எண்ணிவிடாதீர்கள். 1949-இல் சைடுகார் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உலக வெற்றி பெற்ற இணையில் துணைவராக அமர்ந்து சென்றவர் அவர்.

ஆயிரம் மைல் சாலையை ஒருவன் மனப்பாடம் செய்ய முடியுமா? அந்தச் சாலைகளிலேயே வளர்ந்த இத்தாலியர் ஓரளவு செய்திருந்தனர். வெளிநாட்டார் என்ன செய்வது? ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்க வீரருக்கு ஒரு யோசனை தோன்றியது. முன்கூட்டியே வழியெல்லாம் சென்று, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் எழுதிவைத்துக்கொண்டு, துணைவன் அதைப் படித்துச் சொன்னால் என்ன? ஜென்கின்சன் அவருடன் செல்வதாகவே முதலில் பேச்சு. பின்னர் மாஸுக்கு இன்னும் வேகமான கார் கிடைத்தது. வெல்லும் வாய்ப்பு அங்கேதான் மிகுதி என்று கண்ட ஃபிட்ச், தம் யோசனையோடு தம் துணைவரையும் விட்டுக்கொடுத்தார். இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் மீண்டும் வருவார்.

ஜென்கின்சன் வழி முழுவதையும் பலமுறை சுற்றிவந்து குறிப்பெடுத்து, 18 அடி நீளமுள்ள காகிதத்தில் எழுதினார். அதைச் சுருட்டி, உலோகப் பெட்டி ஒன்றில் இரண்டு உருளைகளுக்கிடையே பொருத்தி, மேலே ஒளி ஊடுருவும் மூடி வைத்தார். உருளையைத் திருகத் திருக அடுத்த குறிப்பு கண்ணுக்கு வரும். தேர்வறையில் மாணவர்களிடமிருந்து எத்தனையோ காகிதச் சுருள்களை நான் பறிமுதல் செய்திருக்கிறேன்; இந்தச் சுருள் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று.

எழுதியதை ஓட்டுபவருக்கு எவ்வாறு தெரிவிப்பது? காதில் பொருத்திப் பேசும் கருவியை முதலில் முயன்று பார்த்தனர். வியப்பு என்னவென்றால், மாஸ் தம் திறனின் எல்லையில் காரைச் செலுத்தியபோது, காதில் விழுந்த சொல் அவர் மனத்தை எட்டவில்லை! கண்ணோ அப்போதும் விழிப்பாக இருந்தது. ஆகவே பேச்சை விட்டுக் கைச் சைகைகளை வகுத்துக்கொண்டனர். மேட்டுக்கு அப்பால் சாலை கண்ணுக்குத் தெரியாது. ‘நேர் சாலைதான், வேகம் குறைக்க வேண்டாம்’ என்று ஜென்கின்சன் கை காட்டுவார். அந்தக் கையை நம்பி மாஸ் முழு வேகத்தில் மேட்டைத் தாண்டுவார். சில மேடுகளில் நான்கு சக்கரங்களும் தரையை விட்டு எழுந்தன. குறிப்பில் ஒரு வரி பிழையாக இருந்திருந்தால் இருவர் உயிரும் இல்லை.

வழியில் ஜென்கின்சனுக்கு வாந்தி வந்தது. வெளியே தலையை நீட்டியபோது மூக்குக்கண்ணாடி காற்றோடு போயிற்று. அவர் பதறவில்லை, மாற்றுக் கண்ணாடி கொண்டுவந்திருந்தார். 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் பிரேஷியா திரும்பினர். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 98 மைல். இரண்டாவதாக வந்த மாவீரர் ஃபாஞ்சியோ அரை மணிக்கு மேல் பின்தங்கினார். அந்தச் சாதனை பின்னர் முறியடிக்கப்படவே இல்லை.

இக்கதையை நான் ஆண்டுதோறும் எட்டாம் வகுப்பில் சொல்வேன். முன்னேற்பாட்டின் பெருமைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஓராண்டு, கதையை முடித்த உடனே, கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். “ஐயா, ரோட்டோரம் நின்னவங்களுக்கு ஒன்றும் ஆகலையா?” என்று கேட்டாள். அவள் வீடு நெடுஞ்சாலையை ஒட்டியது. எனக்கு விடை தெரியும். ஆனால் மணி அடித்துவிட்டது என்று சொல்லி வகுப்பை விட்டு வந்துவிட்டேன். என் ஆசிரியப் பணியில் நான் நாணும் நாட்களுள் அஃது ஒன்று.

1957-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இதே பந்தயத்தில், குவிடிட்ஸோலோ என்ற சிற்றூருக்கு அருகே, நேரான சாலையில் ஒரு ஃபெராரி காரின் டயர் வெடித்தது. ஓட்டிய போர்ட்டாகோவும் அவர் துணைவரும் இறந்தனர்; சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் இறந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அத்துடன் அந்தப் பந்தயமே நின்றது. 1977 முதல் அதே பெயரில் பழைய கார்கள் மீண்டும் பிரேஷியாவில் கூடுகின்றன. இப்போது வேகத்திற்கு அன்று, குறித்த நேரம் தவறாமல் செல்வதற்கே வெற்றி.

அதற்கு முன்பே, 1955 ஜூன் 11-இல், பிரான்சு நாட்டு லெமான் பந்தயத்தில் இதனினும் பெரிய கொடுமை நேர்ந்தது. மாஸ் வென்ற காரின் இனத்தைச் சேர்ந்த மெர்ஸிடிஸ் கார் ஒன்று மற்றொரு காரில் மோதி எழும்பிக் கரைமேல் விழுந்து சிதறியது. அதன் துண்டுகள் கூட்டத்தில் பாய்ந்தன. ஓட்டிய லெவேயும் பார்வையாளர் எண்பதுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். அந்தக் காரில் லெவேக்கு அடுத்து ஏறி ஓட்டுவதற்காகக் காத்து நின்றவர் யார் தெரியுமா? காகிதச் சுருளுக்கு வித்திட்ட ஜான் ஃபிட்ச். பந்தயத்திலிருந்து விலகிவிட வேண்டும் என்று அவர் நிறுவனத்தாரை வற்புறுத்தினார். நள்ளிரவு கடந்தபின், முன்னணியில் இருந்த தங்கள் காரையும் அவர்கள் திரும்ப அழைத்துக்கொண்டனர்.

ஃபிட்ச் பின்னர் சாலைப் பாதுகாப்பில் மனத்தைச் செலுத்தினார். பாலத் தூண்களுக்கும் சாலை பிரியும் முனைகளுக்கும் முன்னால் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைக்கும் முறையை 1960-களில் அவர் உருவாக்கினார். முன்வரிசைப் பீப்பாயில் மணல் குறைவு. பின்னே செல்லச் செல்ல மிகுதி. தவறிவரும் கார் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை உடைத்து, படிப்படியாக வேகம் தணிந்து நிற்கும். பீப்பாய் உடைந்து சிதறும். உள்ளே இருப்பவர் பிழைப்பார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மஞ்சள் நிறத்தில் இன்றும் அவற்றைக் காணலாம். ஃபிட்ச் 2012-இல், தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

722 எண்ணுள்ள அந்தக் காரின் படம் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் பக்கத்திலேயே மஞ்சள் பீப்பாய்களின் படம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து கேட்ட அந்தப் பெண்ணுக்கு, அன்று மணி அடித்துவிட்டது என்று நான் சொல்லாமல் விட்ட விடை இது.