குடும்பப் படங்களை யாரிடம் ஒப்படைப்பது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மெத்தை, நாற்காலி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் நாசமாயின. அவற்றை நாளடைவில் மீண்டும் வாங்கிக் கொள்ளலாம். சேற்றில் ஊறிய திருமண ஆல்பத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இதனால்தான் பல குடும்பங்கள் படங்களையும் பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் போன்றவற்றின் நகல்களையும் இணையச் சேமிப்பில் வைக்க முன்வருகின்றன. மேகச் சேமிப்பு என்று அதற்குப் பெயர். நல்ல முடிவு. ஆனால் கூகள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், டிராப்பாக்ஸ் என்று வரிசையாகக் கடை விரித்திருக்கிறார்களே, இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எது இலவசமாக அதிக இடம் கொடுக்கிறது?" என்பதுதான். அதற்குப் பதில் எளிது. கூகள் 15 ஜிகாபைட், ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் 5 ஜிகாபைட், டிராப்பாக்ஸ் 2 ஜிகாபைட். இந்தக் கணக்கோடு நிறுத்திக் கொள்பவர்கள் பின்னால் சிரமப்படுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிறுவனம் மனம் மாறினால், கடவுச்சொல் மறந்துபோனால், கணக்கு வைத்திருந்தவர் காலமானால், அந்தப் படங்கள் குடும்பத்தின் கைக்குத் திரும்பி வருமா?

இலவசத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கலாம். 2015-இல் கூகள், படங்களை அளவின்றி இலவசமாக வைத்துக் கொள்ளலாம் என்று அறிவித்தது. கொஞ்சம் சுருக்கித்தான் வைக்கும் என்றாலும் உலகமே அங்கே போய்க் குவிந்தது. 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அந்தச் சலுகை முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 15 ஜிகாபைட் இலவசமாகத் தந்து, 2016-இல் அதை ஐந்தாகக் குறைத்தது. அமேசான் தன் சேமிப்புச் சேவையான அமேசான் டிரைவை 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடியே விட்டது. இவற்றில் சட்ட மீறல் எதுவும் இல்லை. வணிகர் விலையை மாற்றுகிறார், அவ்வளவே. ஆனால் பத்தாயிரம் படங்களை ஏற்றிய பிறகு வாடிக்கையாளர் எங்கே போவார்?

கூகளின் 15 ஜிகாபைட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அது படங்களுக்கு மட்டும் உரியதன்று. ஜிமெயில் மின்னஞ்சலும் அதே இடத்தைத்தான் பங்கு போடுகிறது. ஒரு படம் மூன்று மெகாபைட் என்று வைத்தால் ஐயாயிரம் படங்களில் இடம் நிறைந்துவிடும். காணொளி எடுப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நிறைந்துவிட்டால் புதிய மின்னஞ்சல் வராது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வராமல் போனதற்குப் பிறந்தநாள் காணொளி காரணமாகலாம்!

அடுத்து, மிகப் பலர் இடறி விழும் இடம். இந்தச் சேவைகள் பெரும்பாலும் பெட்டகம் போல் இயங்குவதில்லை, கண்ணாடி போல் இயங்குகின்றன. கைத்தொலைபேசியில் இருப்பதே இணையத்திலும் தெரியும். கைத்தொலைபேசியில் இடம் போதவில்லை என்று மகன் பழைய படங்களை அழிக்கிறான். "இணையத்தில்தான் இருக்கிறதே" என்பது அவன் நினைப்பு. ஆப்பிளின் ஐகிளவுட் படச் சேவை இயங்கிக் கொண்டிருந்தால், அவன் அழித்தது அங்கேயும் அழியும், தாயாரின் ஐபேடில் அதே கணக்கு இருந்தால் அதிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை இருக்கும், பிறகு போய்விடும். கூகள் படச் செயலியில் ஒரு படத்தை அழித்தாலும் இதே கதைதான். இடத்தைக் காலி செய்வதற்கென்றே தனிப் பொத்தான் அதில் இருக்கிறது. அதை அழுத்தினால் இணையத்தில் ஏறிவிட்ட படங்களின் கைத்தொலைபேசிப் பிரதி மட்டுமே நீங்கும். ஆப்பிளிலும் மூலப்படத்தை இணையத்தில் வைத்துக் கொண்டு சிறிய பிரதியை மட்டும் கைத்தொலைபேசியில் விட்டுவைக்கும் வசதி உண்டு. வீட்டில் ஒருவராவது இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சரி, எந்த நிறுவனம்? வீட்டில் உள்ள அனைவரும் ஆப்பிள் கைத்தொலைபேசி வைத்திருந்தால் ஐகிளவுட் தொல்லையில்லாதது. ஆப்பிள் கைத்தொலைபேசியில் மற்ற நிறுவனச் செயலிகள் திரைக்குப் பின்னால் ஓடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. செயலியை அடிக்கடி திறக்காவிட்டால் படங்கள் ஏறத் தாமதமாகும். அப்பாவிடம் ஒரு வகை, அம்மாவிடம் ஒரு வகை என்று கலந்திருக்கும் வீட்டில் கூகள் வசதி. படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில், வேர்ட், எக்ஸெல் செயலிகளுக்கு எப்படியும் பணம் கட்டுகிறார்கள் என்றால், மைக்ரோசாஃப்டின் குடும்பத் திட்டத்தைப் பார்க்கலாம். ஆறு பேர் வரை ஆளுக்கு ஒரு டெராபைட் கிடைக்கிறது. மற்ற இரண்டிலும் வாங்கிய இடத்தைக் குடும்பத்தார் பகிர்ந்து கொள்ள வேண்டும். டிராப்பாக்ஸ் கோப்புகளோடு வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும். அதைத் தொடங்கிய டுரூ ஹூஸ்டன், பேருந்துப் பயணத்தில் தம் விரலியை வீட்டில் மறந்து வந்த எரிச்சலில்தான் அந்த எண்ணத்தைப் பிடித்தாராம். படங்களை மட்டும் வைக்க நினைக்கும் குடும்பத்திற்கு அது அவசியமில்லை.

பூட்டு, சாவி பற்றியும் சொல்ல வேண்டும். 2012-இல் டிராப்பாக்ஸில் நடந்த திருட்டில் ஏறக்குறைய 68 மில்லியன் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் மறையாக்கப்பட்ட கடவுச்சொற்களும் போயின. அதன் முழு அளவு 2016-இல்தான் வெளியே தெரிந்தது. ஊழியர் ஒருவர் ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடங்களில் பயன்படுத்தியது அதற்கு வழிவிட்டது. கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைப் பூட்டு எல்லாச் சேவைகளிலும் உண்டு, போட்டுக் கொள்ளலாம். ஆனால் முன்கட்டண எண்ணை அடிக்கடி மாற்றுபவர்கள் கவனிக்க வேண்டும். பழைய எண்ணுக்குக் குறியீடு போய்விட்டால் வீட்டுக்காரரே வெளியே நிற்க வேண்டியதுதான்.

மெகா, புரோட்டான் போன்ற சேவைகளில் சாவி வாடிக்கையாளரிடம் மட்டுமே இருக்கும். நிறுவனத்தாலும் திறந்து பார்க்க முடியாது. பாதுகாப்பு அதிகம், உண்மைதான். ஆனால் கடவுச்சொல்லும் மீட்புக் குறியீடும் தொலைந்தால் படங்களும் தொலைந்தன. பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்க்கும் பாட்டிக்கு இது ஏற்றதன்று.

இனி, பலர் பேசத் தயங்கும் விஷயம். குடும்பத் தலைவர் காலமாகிறார். இருபது ஆண்டுப் படங்கள் அவர் கணக்கில் இருக்கின்றன. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. கூகள் 2023 டிசம்பர் முதல், ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கத் தொடங்கியிருக்கிறது. துக்கம் ஆறி, பிள்ளைகள் படங்களைத் தேடும் நேரத்தில் அவை இல்லாமல் போகலாம். இதற்கு வழி இருக்கிறது. கணக்கு நெடுநாள் அசையாமல் கிடந்தால் யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே பெயர் கொடுக்கும் ஏற்பாட்டைக் கூகள் 2013-லிருந்தே வைத்திருக்கிறது. ஆப்பிள் 2021 டிசம்பரில் இதுபோன்ற வாரிசுத் தொடர்பு வசதியைக் கொண்டு வந்தது. ஆப்பிளில் பெயர் கொடுத்தால் மட்டும் போதாது. அப்போது கிடைக்கும் குறியீட்டையும் வாரிசு வைத்திருக்க வேண்டும், இறப்புச் சான்றிதழும் காட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. உயில் எழுதியவர்கள்கூட இதைச் செய்வதில்லை.

மேகம் என்ற சொல்லே ஆளை ஏமாற்றுகிறது. அது எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் வன்தட்டுகள்தாம். 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு மறுபிரதி எடுக்கப்படவில்லையாம்! அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கணக்கு கூகள் கிளவுடில் தவறுதலாக அழிக்கப்பட்டது. அந்த நிதியம் இன்னொரு நிறுவனத்திடமும் பிரதி வைத்திருந்தது. அது மீட்பு வேலைக்குப் பெரிதும் கைகொடுத்தது.

குடும்பத்துக்கு இரண்டாவது இணையச் சேவை தேவையில்லை. ஒரு வெளி வன்தட்டு போதும். கூகளில் 'டேக்அவுட்' என்ற வசதியில் எல்லாப் படங்களையும் இறக்கிக் கொள்ளலாம். எடுத்த தேதி போன்ற விவரங்கள் தனித்தனிக் கோப்பாக வந்து சேர்வதால் அடுக்கி வைப்பது சலிப்பான வேலை. எனவே படங்கள் குறைவாக இருக்கும்போதே ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட வேண்டும். ஆப்பிளிலிருந்து கூகளுக்கும், கூகளிலிருந்து ஆப்பிளுக்கும் படங்களை நேரடியாக அனுப்பும் வழியும் இப்போது உண்டு. வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறோமே என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அங்கே வழக்கமாகச் செல்வது தரம் குறைக்கப்பட்ட படம்.

அந்த வன்தட்டைக் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்துக் கொண்டு போகும். வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ கொடுத்து வைக்கலாம். தீபாவளிக்குப் போகும்போது வாங்கி, அந்த ஆண்டின் படங்களை ஏற்றி, திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.