பரமண்டல ஜெபமும் தறிப் பாக்கியும்



மதமும் மூலதனமும் என்றதும் மாக்ஸ் வேபரிடம் போய்விடுகிறோம். சிக்கனத்தையும் உழைப்பையும் இறைவனின் அழைப்பாகக் கண்ட புராட்டஸ்டன்ட் ஒழுக்கம் முதலாளியத்துக்கு உரிய மனநிலையை வளர்த்தது என்று 1904-05இல் அவர் எழுதினார். அதே ஒழுக்கத்தோடு லண்டன் மிஷன் 1827இல் சேலத்துக்கு வந்தது. சேமிக்கக் கூலியே இல்லாதவனுக்குச் சிக்கனத்தைப் போதித்து என்ன பயன்? வேபரை இங்கே விட்டுவிட்டுக் குமாரபாளையத்துக்குப் போவோம்.

அங்கே பாக்கி என்று ஒரு சொல் உண்டு. விசைத்தறியில் சேரும்போது முதலாளியிடம் வாங்கும் முன்பணம். அதைக் கட்டாமல் வேறு தறிக்குப் போக முடியாது. புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கைமாறும். பாக்கி கேட்டு வாங்குவதைத் தங்கள் பேரபலமாகப் பார்க்கும் தொழிலாளர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, முன்கடனுக்காக வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழப்பதும் கொத்தடிமைதான்.

இனி வேதாகமம். மத்தேயு 6ஆம் அதிகாரத்து ஜெபத்தில் மன்னிக்கக் கேட்பது கடனை. கிரேக்க மூலத்திலும் கடன்தான், நம் பழைய மொழிபெயர்ப்பிலும் கடன்தான். ஆலயத்தில் சொல்லும்போது அது குற்றமாகிவிட்டது. லூக்கா பாவம் என்கிறாரே என்பீர்கள். அவரும் பிறரைக் குறிக்குமிடத்தில் கடன்பட்டவன் என்றே சொல்கிறார். லேவியராகமம் 25, ஐம்பதாம் ஆண்டில் நிலத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. குற்றம் என்றால் மண்டியிட்டால் போதும். கடன் என்றால் கணக்கு நோட்டைத் திறக்க வேண்டும். சபை எதை எளிதாகக் கண்டது என்று உங்களுக்குத் தெரியும்.

பாக்கி கொடுப்பவர் மதம் கேட்பதில்லை. அரசு கேட்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது; கிறிஸ்தவ தலித்துக்கு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவரைக் காக்காது. பட்டியல் சாதியினருக்கான தேசிய நிதிக் கழகத்தின் கடனுக்கும் அவர் தகுதியற்றவர். ஞானஸ்நானம் பெற்றவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது; தறி முதலாளியின் முன்பணம் திறந்திருக்கிறது.

ஆயர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபையிலுள்ள தறிக் குடும்பங்களிடம் பாக்கி எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். கொத்தடிமை என்று விடுவிப்புச் சான்று கிடைத்தால் அந்தக் கடன் சட்டப்படி செல்லாது. மனு எழுத நம் மாணவர்கள் உடன் வருவார்கள்.