“என்னையும் சேர்த்துக்கிறீங்களா?”
வேலை தேடும் நமக்குக் குழந்தைகள் சொல்லித்தரும் பாடம்

(திருத்தணியில் வேலை தேடும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம திருத்தணி மலைக்கு 365 படிகள். பாதி ஏறியதும் பெரியவங்க மூச்சு வாங்கி உட்கார்ந்துடுவாங்க. பக்கத்திலேயே நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வந்த இன்னொரு குடும்பம் இருக்கும். இரண்டு வீட்டுப் பெரியவங்களும் ஆளுக்கொரு பக்கம் போனைப் பார்த்துக்கிட்டிருப்பாங்க. பிள்ளைங்க என்ன செய்யும்? ஒண்ணு “உன் பேரென்ன?”ன்னு கேட்கும். இன்னொண்ணு “நீ பேரேமி?”ன்னு திருப்பிக் கேட்கும். அஞ்சாவது நிமிஷம் யார் முதல்ல மேலே போறதுன்னு போட்டி ஆரம்பமாகிவிடும்.

இதற்குப் பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நெட்வொர்க்கிங்’. அந்த வார்த்தையைக் கேட்டாலே கோட்டு, விசிட்டிங் கார்டு, ஆங்கிலம் என்று நமக்குப் பயம் வந்துவிடுகிறது. உண்மையில் இதை ஆறு வயதிலேயே நாம் நன்றாகச் செய்தோம். நடுவில் மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

முதல் பாடம், கேட்பது. விளையாட்டு நடக்கிற இடத்துக்குப் போய், “என்னையும் சேர்த்துக்கிறீங்களா?” என்று குழந்தை நேராகக் கேட்கும். நமக்கு அங்கேதான் தொண்டை அடைக்கிறது. பத்திரிகைத்துறைப் படிப்பை முடித்த பிறகு பல மாதம் நான் வேலை இல்லாமல் இருந்தேன். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி ஒரு வரிகூடப் போடவில்லை. கேட்டால் கேவலம் என்று நினைத்தேன். எனக்குப் பொருத்தமான ஒரு வேலைக்குக் கடைசி தேதி போனபின், பழைய வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள்: “நீ வேலை தேடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அப்பவே அனுப்பியிருப்பேனே!” மௌனத்துக்கு நான் கொடுத்த விலை அது.

அவள் எனக்கு நெருங்கிய தோழி அல்ல என்பதைக் கவனியுங்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது. தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் தந்தவர்கள் தினமும் பார்க்கும் நண்பர்கள் அல்ல, எப்போதாவது சந்திப்பவர்கள். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022-இல் வெளியான ஆய்வும் அந்தத் திசையிலேயே சுட்டியது. காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் புதுச் செய்தி தெரியும்.

இரண்டாவது பாடம், கொடுப்பது. ஒரே ஒரு மிட்டாய் இருந்தாலும் சட்டையில் சுற்றிக் ‘காக்கா கடி’ கடித்துப் பங்கு போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? நம் ஊரில் 1888-இல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் வசதி குறைந்த மாணவராகத்தான் சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்தார். அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர், தன் தத்துவப் பாடப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். புத்தகம் கையில் இருந்ததால் தத்துவமே அவருடைய பாடமானது. பிற்காலத்தில் உலகறிந்த தத்துவப் பேராசிரியர் ஆனார், 1962-இல் குடியரசுத் தலைவரும் ஆனார். கொடுத்தவருக்கு அவை படித்து முடித்த பழைய புத்தகங்கள். உங்களுக்குப் பயன்படாத ஒரு வேலை அறிவிப்பும் அப்படித்தான். அழிக்காமல் இன்னொருவருக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, ‘ஒப்புக்குச் சப்பாணி’. ஆடத் தெரியாத சின்னப் பிள்ளையையும் ஒதுக்காமல் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அவுட் ஆனாலும் கணக்கில் வராது. பார்த்துப் பார்த்தே அது கற்றுக்கொண்டுவிடும். நீங்கள் வேலையில் இருக்கிறீர்களா? பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து, வீட்டில் முதல் பட்டதாரியான ஒரு பெண்ணுக்கு ரெஸ்யூமே எழுதக் கற்றுக்கொடுங்கள். ஒரு நேர்காணல் எப்படி நடக்கும் என்று சொல்லுங்கள். அவளுக்கு அதுவே பெரிய துணை.

நான்காவது, ‘பழம்’ விடுவது. காலையில் காய் விட்டவர்கள் சாயங்காலம் பழம் விட்டுவிடுவார்கள். நாமோ பழைய மேலாளரிடம் பேசி மூணு வருஷம் ஆச்சு, இனி எப்படிப் பேசுவது என்று தயங்குகிறோம். “சார், நல்லா இருக்கீங்களா?” என்று ஆரம்பியுங்கள், போதும்.

ஐந்தாவதுதான் ரொம்ப முக்கியம். தெரியாதவர் எதையாவது நீட்டினால், விவரமான குழந்தை “அம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன்” என்று சொல்லும். “வேலை ரெடி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க” என்று யாராவது செய்தி அனுப்பினால் நீங்களும் அதையே செய்யுங்கள். விசாரிக்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

சரி, விசாரிக்க எங்கே போவது? தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. போனிலேயே பதியலாம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இருக்கிறது. அங்கே பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பெயர் கேளுங்கள். நாளைக்கு ஒரு தகவல் அவரிடமிருந்தும் வரலாம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இன்று இரவுக்குள், பேசி ரொம்ப நாளான ஒருவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: “அண்ணா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை தேடுறேன். ஆள் எடுக்கிறதா தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க.” என்ன படிப்பு, எந்த ஊர், என்ன உதவி என்று மூன்றும் அதில் தெளிவாக இருக்கிறது. பதில் வராமலும் போகலாம். ஒரு கூட்டம் சேர்த்துக்கொள்ளாவிட்டால் குழந்தை அடுத்த கூட்டத்திடம் போய்க் கேட்கும். நாமும் கேட்போம்.