பொள்ளாச்சி எம்.எல்.ஏ.வும் எட்டு ஆறுகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கல்லூரியின் பெயரிலேயே ஒரு மனிதர் இருக்கிறார்: அருட்செல்வர் நா. மகாலிங்கம். அவர் பெரிய தொழிலதிபர், வள்ளலாரிடமும் காந்தியிடமும் ஈடுபாடு கொண்டவர், 2007இல் பத்ம பூஷண் பெற்றவர். இதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் அவர் 1952, 1957, 1962 என்று மூன்று தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்து, பொள்ளாச்சி எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்பதை நான்கு வருஷ ஹாஸ்டல் பேச்சில் ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. இன்றைக்கு அந்த எம்.எல்.ஏ.வைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1923இல் பொள்ளாச்சியில் பிறந்தார். தந்தை நாச்சிமுத்துக் கவுண்டர் ஏ.பி.டி. பஸ் கம்பெனியைத் தொடங்கியவர். மகன் லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் படித்தார். சட்டசபைக்குள் நுழைந்தபோது வயது 29. நம்மில் பலர் அந்த வயதில் மூன்றாவது கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்பிக்கொண்டிருந்தோம்!

அவர் தொகுதியைச் சுற்றிய பூமி எப்படிப்பட்டது? ஆனைமலையில் மழை கொட்டும். கொட்டிய தண்ணீரில் பெரும்பங்கு மேற்கே ஓடிக் கடலில் சேரும். மலைக்குக் கிழக்கே, உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கேயம் பக்கம் வானம் பார்த்த பூமி. என் சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். கிணற்றை வெட்டி வெட்டி ஆழப்படுத்துவதிலேயே பாதி ஆயுசு போச்சு என்று எங்கள் அப்பாரு சொல்லுவார்.

இதற்கு விடையாக வந்ததுதான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். நம் வழக்கில் பி.ஏ.பி. ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என மலையில் ஆறு. ஆழியாறு, பாலாறு எனச் சமவெளியில் இரண்டு. ஆக எட்டு ஆறுகளை இணைப்பது திட்டம். நீராற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாகச் சோலையாறு வரும். அங்கிருந்து பரம்பிக்குளம், பிறகு தூணக்கடவு, மறுபடி ஒரு சுரங்கம். சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்தபின், மலைச்சரிவை ஒட்டிய 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் நடந்து திருமூர்த்தி அணைக்குப் போகும். இன்னொரு பங்கு ஆழியாறு அணைக்கு. மெக்கானிக்கல்காரனான எனக்கு, இதைப் படிக்கப் படிக்க இது ஒரு அணை அல்ல, ஒரு பெரிய மெஷின் என்றுதான் தோன்றியது.

ஆனால் பொறியியல் மட்டும் போதாது. 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தன. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் இருப்பது கேரள மண்ணில். அவற்றை இயக்குவது தமிழ்நாடு. இரண்டு மாநிலமும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு கல்கூட வைக்க முடியாது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29இல். ஆனால் 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று எழுதப்பட்டது. அதாவது கையெழுத்துக்கு முன்பே, நம்பிக்கையின்பேரில் வேலை நடந்திருக்கிறது. கேரளத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆழியாற்றில் மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைச் சித்தூர்ப் பகுதிக்கு நாம் கொடுக்க வேண்டும்.

இதை ஒருத்தர் தனியாகச் செய்தார் என்று சொன்னால் அது பொய். முதலமைச்சர் காமராஜர், அமைச்சர் சி. சுப்பிரமணியம், வி.கே. பழனிசாமிக் கவுண்டர், எத்தனையோ இன்ஜினீயர்கள், பெயர் தெரியாத சுரங்கத் தொழிலாளிகள், எல்லாருக்கும் பங்கு உண்டு. அணைகளுக்காகக் காட்டில் இடம்பெயர்ந்த காடர் மக்களையும் நாம் மறக்கக்கூடாது. மகாலிங்கத்தின் பங்கு, விடாமல் பின்தொடர்ந்தது.

நான் வியப்பது ஒன்றைத்தான். வாய்க்கால் போனது பொள்ளாச்சிக்கு மட்டுமா? இல்லை. தாராபுரத்திலும் காங்கேயத்திலும் அவருக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் அந்த ஊர்களுக்கும் சேர்த்துத்தான் அவர் குரல் கொடுத்தார். அதே காலத்தில், 1957இல், பொள்ளாச்சியில் நாச்சிமுத்து பாலிடெக்னிக் வந்தது. தண்ணீர், தொழிற்கல்வி: இவைதான் அந்த எம்.எல்.ஏ.வின் அக்கறைகள். இரண்டுமே அடுத்த தேர்தலுக்குள் பலன் காட்டுகிற வேலை அல்ல.

இப்போது இன்றைய நிலைக்கு வருகிறேன். தொடக்கத்தில் இரண்டரை லட்சம் ஏக்கர் அளவில் இருந்த பாசனம் பிறகு 3.77 லட்சம் ஏக்கராக விரிந்தது. ஆறு விரியவில்லையே! அதனால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு முறை திரும்பி வர ஏறக்குறைய இரண்டு வருஷம். கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பாதி வழியில் தண்ணீர் காணாமல் போகிறது. 2022 செப்டம்பர் 21 அதிகாலை பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று பெயர்ந்து, நொடிக்குச் சுமார் 20,000 கன அடி வீணாய் வெளியேறியது. திட்டத்தின் எட்டு ஆறுகளில் ஆனைமலையாற்றுத் தண்ணீர் இன்னும் நமக்கு வந்து சேரவில்லை; ஆனைமலையாறு - நல்லாறு பேச்சு தலைமுறை தாண்டி நடக்கிறது.

தம்பி தங்கைகளே, மெஷினைக் கட்டுவது ஒரு தலைமுறையின் வேலை என்றால், அதைப் பராமரிப்பது அடுத்த தலைமுறையின் வேலை. ஷட்டர் சங்கிலியின் ஆயுள், கால்வாய்க் கசிவு, மடைவாரியாக நீர் அளவு: இவை நம் பாடத்திட்டத்துக்குள் வருகிற விஷயங்கள். நல்ல புராஜெக்ட் தேடுகிறவர்கள் ஒருமுறை காண்டூர் கால்வாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டுக்கு வருகிற வேட்பாளரிடம் "ரோடு போடுவீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "கடைமடைக்கு எத்தனை நாள் தண்ணி வருதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் எந்தக் கட்சியானாலும் அவர் பேச்சை உட்கார்ந்து கேளுங்கள்.

அருட்செல்வர் 2014 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய பட்டம் நம் கையில் இருக்கிறது. வாய்க்காலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது கடைசி மடை வரைக்கும் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை.