விலை நின்ற இடத்தில் எடை இறங்குகிறது
(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க, கால் மணி நேரம் போதும்" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, சென்னிமலைக் கடைவீதியில் நான் நடத்தும் மளிகைக் கடை. மற்றது, நான் பிறந்து வளர்ந்த வீட்டுத் தறி. இரண்டு இடத்திலும் நடக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். விலையை ஏற்றாமலேயே விலையை ஏற்றுவது எப்படி என்பதுதான் அது.

கடைக்கு வழக்கமாக வரும் ஒரு பாட்டி ஒருநாள் பொட்டலத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, காத்தையா அடைச்சு விக்கறே?" என்று கேட்டார். "கம்பெனிக்காரன் அடைச்சதுங்காத்தா, நான் என்ன பண்றதுங்க" என்றேன். "காசு வாங்கறது நீதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பேரில் தப்பில்லை. கம்பெனி எங்கோ இருக்கிறது, கைக்கு எட்டுகிற தூரத்தில் நான்தானே இருக்கிறேன்!

செய்தித்தாள்களில் வந்த கணக்கையே சொல்கிறேன். 2022ஆம் ஆண்டு 10 ரூபாய் விம் சோப்பு 155 கிராமிலிருந்து 135 கிராம் ஆனது. ஹல்திராம் ஆலு புஜியா 10 ரூபாய்ப் பொட்டலம் 55 கிராமிலிருந்து 42 கிராம் ஆனது. வணிகவியல் மாணவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். 55இல் 13 குறைந்தால் எடையில் குறைவு நூற்றுக்கு ஏறக்குறைய 24. ஆனால் விலையில் ஏற்றம் 24 அல்ல. முன்பு கிராம் 18 காசு, பிறகு கிராம் 24 காசு. நூற்றுக்கு 31 ஏறிவிட்டது. எடை குறைந்ததைக் கண்டுபிடித்தவர்கூட விலையேற்றத்தைக் குறைத்தே கணக்குப் போடுகிறார்.

கம்பெனிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. தடை மே மாதம் வரை நீடித்தது. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் பாமாயில் வேண்டும். 5 ரூபாய்ப் பொட்டலத்தை ஐந்தே முக்கால் என்று விற்க முடியுமா? சில்லறைக்கு எங்கே போவது? நாணயம்தான் விலையைக் கட்டிப் போட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், சோப்பு, ஷாம்புக்கு ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது இது மறுபக்கமாக வந்தது. 4 ரூபாய் 45 காசு, 88 காசு என்றெல்லாம் விலைகள் வந்தன. 25 காசு 2011லேயே செல்லாமல் போன நாட்டில் 88 காசை எப்படி எண்ணி வைப்பது?

அளவு கூடின கதையும் ஒன்று உண்டுங்க. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள அரிசிப் பைக்கு 5 சதவீத வரி வந்ததும், தமிழ்நாட்டில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. வரிக்காக ஒரு கிலோ வளர்ந்த மூட்டை அது ஒன்றுதான்.

ஆனால் பெரிய மூட்டை வாங்குபவருக்கு இதில் அவ்வளவு அடியில்லை. அன்றன்றைக்குக் கூலி வாங்கி, அன்றன்றைக்கு 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். எடை இறங்குவதும் முதலில் அந்தப் பொட்டலங்களில்தான்.

எடை அப்படியே இருந்து தரம் இறங்கினால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். குளிக்கிற சோப்பின் உறையில் டி.எஃப்.எம். என்று சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும். அது கொழுப்புச் சத்தின் அளவு. 76க்கு மேல் என்றால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். "பாத்திங் பார்" என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். எல்லாம் ஒரே வாசனை, ஒரே நுரை, ஒரே நடிகை! சீக்கிரம் கரைந்தால், "பிள்ளைகள் தண்ணியில போட்டுட்டாங்க" என்று வீட்டில் சண்டை வருகிறது.

இப்போது தறிக்கு வருகிறேன். நம்மூர்ப் போர்வையும் படுக்கை விரிப்பும் வெளியூரில் பேர் வாங்கியது எதனால்? கனத்தால். அந்தக் கனம் எங்கே இருக்கிறது என்பது நெசவாளிக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் உள்ள ஒரு விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 40 ஊடை ஓட வேண்டிய இடத்தில் 35 ஓட்டினால் என்ன ஆகும்? 90 அங்குலத்தில் 450 ஊடை மிச்சம். ஒவ்வொன்றும் 60 அங்குலம். மொத்தம் 27,000 அங்குலம், அதாவது 750 கஜம். ஒரு கழி நூல் என்பது 840 கஜம். ஒரு விரிப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு கழி மிச்சம், அதை ஓட்டும் வேலையும் மிச்சம். நீள அகலம் அப்படியேதான் இருக்கும், டேப் வைத்து அளந்தாலும் தெரியாது. கஞ்சியைக் கெட்டியாகப் போட்டுவிட்டால் கைக்கும் தெரியாது. முதல் துவைப்பில் கஞ்சி போகும், அப்புறம் வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் தெரியும்.

இதைவிடப் பெரிய மாற்று, விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது. படுக்கை விரிப்பு போன்றவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985லேயே சட்டம் போட்டார்கள். அது செல்லும் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பும் சொன்னது. 2006இல் கைத்தறி முத்திரையும் வந்தது. இவ்வளவும் இருந்தும், நூல் விலை ஏறும்போது உண்மையாக 40 ஊடை ஓட்டி விலையைக் கூட்டிச் சொல்கிற நெசவாளிதான் கடையில் தோற்றுப் போகிறார். "அங்கே இதே விரிப்பு குறைச்சலாக் கிடைக்குதே" என்கிறார்கள். இதே விரிப்பு இல்லீங்க அது. விலையை ஏற்றினவரை ஊரே கேள்வி கேட்கிறது. ஊடையைக் குறைத்தவரை யாரும் கேட்பதில்லை. என்னுடைய கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

பொட்டலத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 1977 முதலே பொட்டலப் பொருள் விதிகள் உண்டு. பிஸ்கட், டீத்தூள், எண்ணெய், சோப்பு முதலானவற்றுக்கு இன்னின்ன அளவுதான் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகளிலும் அது தொடர்ந்தது. 2021 நவம்பரில் அறிவித்த திருத்தம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. எந்த எடையிலும் அடைக்கலாம். பதிலுக்கு, ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராம் ஒன்றுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பாருங்கள், இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்! இல்லாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

ஆனால் அந்த எண் இன்றைய விலையை மட்டும்தான் சொல்லும். போன வருஷம் கிராம் என்ன விலை என்று எந்த உறையிலும் இருக்காது. பிரான்ஸ் நாட்டில் 2024 ஜூலை 1 முதல், ஒரு பொருளின் அளவு குறைந்து விலை குறையாவிட்டால் பெரிய கடைகள் இரண்டு மாதம் அதை எழுதி வைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நம் விதிகளில் அப்படிக் கேட்கவில்லை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. வணிகவியல் துறையில் ஒரு நோட்டுப் போடுவோம். கடைவீதியில் தினமும் விற்கும் 20 பொருள்கள், விலை, உறையில் போட்டிருக்கும் எடை, தராசு காட்டும் எடை. அத்துடன் நம்மூர் விரிப்பு ஒன்று, அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்று எண்ணி. வருஷா வருஷம் தைப்பூசத் தேர் முடிந்த வாரம் மாணவர்கள் எழுத வேண்டும். அடுத்த சந்திப்பு மலரில் ஒரு பக்கம் ஒதுக்கி அச்சிட வேண்டும். எடை போடத் தராசை என் கடையிலிருந்து நானே எடுத்து வருகிறேன். நோட்டைச் சங்கம் வாங்கித் தரட்டும், 200 பக்கம் என்று அட்டையில் போட்டிருந்தால் எண்ணிப் பார்த்து வாங்குங்க.